50 கிராமில் அடைபடும் கதவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதைப்பொருள் வணிகத்தையும் அதை ஒடுக்க வந்த சட்டங்களையும் பற்றிய அமெரிக்க ஆவணப்படத்துக்கு உங்கள் இதழ் வெளியிட்ட விமர்சனத்தில் ஒரு வரியோடு மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. 'எடையைப் பார்த்துத் தண்டனை கொடுக்கும் அமெரிக்க வினோதம்' என்று எழுதியிருக்கிறார் விமர்சகர். விற்பதற்காக 5 கிராம் கிராக் (கொகைனையே புகைக்கும் கட்டியாக மாற்றியது) வைத்திருந்தவருக்கும் 500 கிராம் கொகைன் தூள் வைத்திருந்தவருக்கும் குறைந்தது 5 வருடச் சிறை என்றது 1986-ல் அங்கே வந்த சட்டம். 100-க்கு 1 என்றிருந்த அந்த விகிதம் 2010-ல்தான் 18-க்கு 1 ஆனது. வினோதம்தான். ஆனால் அதே தராசு வடசென்னையில் நம் வியாசர்பாடியிலும் தொங்குகிறது.

நம்முடைய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. அளவுக்குத் தகுந்த தண்டனை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 2001 திருத்தம். பழக்கத்துக்கு அடிமையானவரையும் கடத்தல்காரரையும் ஒரே கழுவில் ஏற்றக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. கஞ்சா 1 கிலோவுக்குள் இருந்தால் சிறு அளவு: அதிகபட்சம் 1 வருடம், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 வருடம், 20 வருடம் வரை போகலாம், அபராதம் 1 லட்சத்தில் தொடங்கும். இடைப்பட்ட எடைக்கு 10 வருடம் வரை. ஹெராயினுக்கு இதே கோடுகள் 5 கிராம், 250 கிராம். மெத்தம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம்.

இப்போது நாளிதழ்களின் குற்றச்செய்திப் பக்கத்தைப் பாருங்கள். 1.1 கிலோ, 1.2 கிலோ, 1.25 கிலோ என்று எடைகள் கண்ணில் படும். 1 கிலோவைக் கொஞ்சமே தாண்டிய இந்த எடைகளுக்கு உள்நோக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. எப்படி எடை போடுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கும். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. ஆனால் பறிமுதலின்போது போலீஸ் எழுதும் மகஜரில் ஏறுவது காம்பு, தண்டு, இலை, விதை, ஈரம் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. சில சமயம் பாலித்தீன் உறையும் சேர்ந்துகொள்ளும். இலையையும் விதையையும் பிரிக்காமல் நிறுத்ததைக் காரணம் காட்டிப் பல உயர் நீதிமன்றங்கள் பிணை கொடுத்திருக்கின்றன. ஆனால் பிணை மனுவில் இதை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும், அவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். தராசின் கதை தனி. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வருடம் ஒருமுறை சரிபார்த்து முத்திரை வைக்காத மின்னணுத் தராசில் தக்காளி நிறுத்தால் கடைக்காரருக்கு அபராதம் உண்டு. 10 வருடச் சிறையைத் தீர்மானிக்கும் தராசில் அந்த முத்திரை இருந்ததா என்ற கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்புவோர் குறைவு.

தூள் வகைகளில் இது இன்னும் கோணல். கலப்படத்தைக் கழித்துவிட்டுச் சுத்தமான போதைப்பொருளின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் மைக்கேல் ராஜ் வழக்கில் சொன்னது. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவையின் மொத்த எடையே கணக்கு என்றது. 260 கிராம் பொடியில் ஹெராயின் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 10.4 கிராம். ஆனால் வழக்கு வணிக அளவு, குறைந்தது 10 வருடம். சுத்தமான சரக்கு 200 கிராம் வைத்திருந்தவர் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்பார். சரக்கு கைமாறக் கைமாறக் கலப்படம் கூடும் என்பது இந்த வணிகத்தின் பாலபாடம். ஆகவே கடைசிக் கையில் இருப்பவருக்குத்தான் கனம் கூடுகிறது.

கடைசிக் கை என்றால் யார்? சென்னைக்கு வரும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. ரயிலில் கும்மிடிப்பூண்டி தடத்திலோ, சாலையில் எளாவூர் சோதனைச்சாவடி வழியாகவோ வருகிறது. கொருக்குப்பேட்டையிலும் பேசின் பிரிட்ஜிலும் பையோடு சிக்குவது சுமப்பவர்தான். பணம் போட்டவர் அந்த ரயிலில் ஏறுவதே இல்லை. கஞ்சா என்றதும் வடசென்னைப் பேட்டைகளின் பெயரைப் போட்டுவிடும் பத்திரிகைப் பழக்கத்தைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது, அது வேறு கடிதம்.

எடை சரியாகவே இருந்தாலும் அதற்குப் பிறகு கோட்டை விடுவது காவல் தரப்பின் வழக்கம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியலிட்டு மாதிரி எடுக்கச் சொல்கிறது 52ஏ பிரிவு. 2016-ல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. 2022 டிசம்பரில் தனி விதிகளே வந்தன. கஞ்சாவில் ஒரு மாதிரிக்கு 24 கிராம், இரண்டு மாதிரிகள். உடல் சோதனைக்கு முன்னால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்; அது 50-ம் பிரிவு. பையை மட்டும் சோதித்தால் இது பொருந்தாது. இவற்றில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். 2023-ல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கொன்று எப்படி முடிந்தது என்பது நினைவிருக்கலாம். பறிமுதல் செய்த சரக்கை எலி தின்றுவிட்டது என்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலை. ஆக, 22 கிலோ வழக்கு எலியிடம் தோற்றது. 1.05 கிலோவோடு சிக்கும் பையனோ உள்ளே இருக்கிறான்.

1 கிலோவைத் தாண்டிய அந்த 50 கிராம் இன்னொன்றையும் செய்கிறது. விமர்சகருக்கு நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை எடுத்தால் அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் சலுகை போய்விடும். 39-வது பிரிவு, தண்டிக்கப்பட்டவரைக்கூடச் சிறைக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கிச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆனால் இரண்டுமே போதை உட்கொண்ட குற்றத்துக்கும் சிறு அளவு வழக்குகளுக்கும் மட்டும். மகஜரில் 950 கிராம் என்றால் கதவு திறந்திருக்கிறது. 1,050 கிராம் என்றால் அடைத்துவிட்டது. காம்பும் உறையும் அந்த வித்தியாசத்தைத் தாராளமாகத் தந்துவிடும். இதற்கு மேல் 1982-ம் வருடக் குண்டர் சட்டம் வேறு. அதில் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று ஒரு வகையே உண்டு. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

மாத்திரை விஷயத்தைப் படம் தொடவே இல்லை. அமெரிக்கப் படத்தில் தண்டையார்பேட்டை மாத்திரையை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான், ஆனால் விமர்சனம் தொட்டிருக்கலாம். வலி நிவாரணியான டிரமடாலை 2018-ல் இந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் அப்போது இல்லாத டேபென்டடாலுக்குச் சந்தை நகர்ந்தது. வாயில் போட்டு விழுங்கச் செய்த மாத்திரையை ஊசியில் ஏற்றினால், அதில் சேர்த்திருக்கும் டால்க் போன்ற கரையாத தூள்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ் கட்டும், கிருமி இதய வால்வு வரை போகும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி.

இந்த வகை மாத்திரையை நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். பயமாக இருந்தாலும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நைட்ரஸெபம், அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள் அப்படியல்ல: திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வீட்டில் அடைத்துப் போட்டுத் திருத்துகிறோம் என்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. புழல் சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரம் இன்னும் மோசம். உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். கை பழைய அளவையே எடுக்கும். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கினால் மோரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். முறிவு மருந்தான நலாக்சோன் ஊசியாக இருக்கிறது.

ஹெராயின், வலி மாத்திரை போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு, நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்பின் மாற்றுச் சிகிச்சை நம் நாட்டில் இருக்கிறது. தொடக்கத்திலாவது ஊழியர் கண்ணெதிரே தினமும் எடுக்க வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். புறநோயாளிப் பிரிவோ காலையில் சில மணி நேரம். இரண்டுக்கும் நடுவில் ஒருநாள் கூலி போகிறது, அதனால் நான்காம் நாள் ஆளைக் காணோம். மாலை நேர மையம் ஒன்று ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வந்தால் பலர் தொடர்வார்கள். ஆலோசனைக்கு 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண் இருக்கிறது. உங்கள் இதழ் அதை அச்சிடலாம்.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை '1.1 கிலோ கஞ்சாவுடன் வாலிபர் கைது' என்று செய்தி வந்தால், அந்த எடை உறையோடா, உறை நீக்கியா, காம்பும் விதையும் சேர்ந்ததா என்று உங்கள் நிருபர் காவல் நிலையத்தில் கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்துப் போடட்டும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள், போதை மீட்பு ஆலோசகர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.