பழைய மலைச் சைக்கிள்களைப் புதுசாக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கலிஃபோர்னியாவில் கையால் கட்டிய மலைச் சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்குகிறீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால் பல வண்டிகள் எடைக்குப் போயிருக்கும். ஆனால் வாங்கிய கையோடு பெயின்ட்டைச் சுரண்டி, மணல் பீய்ச்சி, பவுடர் கோட்டிங் அடித்து, பளபளவென்று படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இந்த வண்டிகள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1976 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டியின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ரீபேக் பந்தயம் தொடங்கியது. சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் மண்பாதையில் 400 மீட்டர் இறக்கம். ஓட்டியதெல்லாம் ஷ்வின் எக்ஸெல்சியர் மாதிரியான பழைய பலூன் டயர் வண்டிகள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஃபிரேமும் அந்த அடிக்குச் செய்ததல்ல, வளைந்தது, உடைந்தது. சரி, நாமே ஒன்று கட்டினால் என்ன என்று தோன்றியது அதனால்தான்.

அந்தப் பந்தயத்தை நடத்திய சார்லி கெல்லி முதலில் கிரெய்க் மிட்செல் என்பவரிடம் ஒரு ஃபிரேம் கட்டி வாங்கினார். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. அப்புறம் ஜோ பிரீஸிடம் கேட்டார். பிரீஸ், ஆல்பர்ட் ஐசன்ட்ராவுட்டிடம் ஃபிரேம் கட்டக் கற்றவர். அதுவரை சாலைப் பந்தய வண்டிகள் கட்டிக்கொண்டிருந்தவர். எக்ஸெல்சியரின் கோணங்களை அடிப்படையாக வைத்து, குரோமாலி என்னும் உறுதியான கலப்பு எஃகுக் குழாய்களில், தன் பெயரையே தாங்கிய முதல் ‘பிரீஸர்’ வண்டியை 1977-இல் கட்டினார். அந்த முதல் வரிசையில் மொத்தமே பத்து வண்டிகள். முதலாவது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பத்து வண்டிகளிலும் ஒரு சோடிக் குழாய் உண்டு. ஹேண்டில்பார் நிற்கும் தலைக்குழாயிலிருந்து புறப்பட்டு, இருபுறமும் மெலிசாக ஓடி, பின்சக்கரம் மாட்டும் இடத்தில் போய் முடியும். ஃபிரேம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க பிரீஸ் அன்றைக்குக் கண்ட வழி அது. அடுத்த வரிசையில் அந்தச் சோடி போய்விட்டது. முக்கியக் குழாய்களைக் கொஞ்சம் பருமனாக்கினாலே போதும் என்று ஆகிவிட்டது. ஒரு மனிதர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது இரும்பிலேயே எழுதியிருக்கிறது. எத்தனை பேட்டி படித்தாலும், இரண்டு ஃபிரேமையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வராது.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஃபிரேம் கட்டிய இன்னொருவர் டாம் ரிட்சி. அவர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. சாலை வண்டிகளில் குழாய்களை லக் என்னும் உறைக்குள் செருகிப் பத்தவைப்பார்கள். மலைச் சைக்கிளுக்கு வேண்டிய பருமனான குழாய்களுக்கு அன்று பொருத்தமான லக் கிடைக்கவில்லை. ரிட்சி லக் இல்லாமலே கட்டினார். ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தும்படி அராவி, இரண்டையும் செக்கச் சிவக்கச் சூடாக்கி, பித்தளைக் கம்பியை உருக்கி மூட்டைச் சுற்றி ஓடவிடுவது. இரும்பு உருகக் கூடாது, பித்தளை மட்டும் உருக வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் குழாய் பலவீனமாகும், குறைந்தால் பித்தளை ஒட்டாது. ஆறிய பிறகு அரைவட்ட அரத்தால் அந்த வளைவை வழித்தெடுக்க வேண்டும். அந்த அரத்தின் கோடுகளும், மூட்டின் உள்மூலையில் அரம் எட்டாமல் விட்ட சின்ன மேடும் மெலிசான பழைய பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் தெரியும். அதுதான் ரிட்சியின் கை. வரைபடம் இருந்தாலும் அதில் இது இருக்காது.

பித்தளை இரும்பை விட மென்மையானது. மணல் பீய்ச்சும்போது முதலில் தேய்வது அதுதான். நடுப்பகுதியில் குழாயின் சுவரோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. துரு போகட்டும் என்று கிரைண்டர் வைத்தால் துருவோடு குழாயும் போகிறது. அதன் மேல் பவுடர் கோட்டிங்கைத் தடிமனாக ஏற்றினால் மிச்சமிருந்த அடையாளமும் மூடிக்கொள்கிறது.

போன வருடம் ஒருவர் அப்படிப் புதுசாக்கிய ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து, இது யார் கட்டியது என்று கேட்டார். புரட்டிப் பார்த்தேன். பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருந்த எண்ணில் பவுடர் நிரம்பிவிட்டது. இப்போதைய பிரேக்குக்குத் தேவையில்லை என்று மேல்குழாயில் இருந்த கேபிள் தாங்கியையும் அராவி எடுத்துவிட்டார்கள். மூட்டுகள் எல்லாம் ஒரே மழமழப்பு. என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இவை எவ்வளவு குறைவு என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1979-இல் ரீபேக்கில் ஓட்டிய கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து ரிட்சியின் ஃபிரேம்களை வைத்து வண்டி விற்கத் தொடங்கினார்கள். ஒரு வண்டி சுமார் 1,300 டாலர். அன்றைக்கு அது பெரிய காசு. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்த ஸ்டம்ப்ஜம்பரை 750 டாலருக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிறகும் கையால் கட்டியவர்கள் உண்டு. ஆனால் எது சரி என்று யாருக்குமே தெரியாமல் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்றை முயன்று பார்த்த காலம் சில ஆண்டுகள்தான். அதே 1979-இல் சார்லி கன்னிங்ஹாம் என்னும் இன்னொருவர் எஃகையே விட்டுவிட்டு, பருமனான அலுமினியக் குழாய்களில் தன் வண்டியைக் கட்டினார். அவரவர் வழியில் தேடினார்கள். தேடியதன் சாட்சி இந்த ஃபிரேம்கள் மட்டும்தான்.

ஓட்டவே கூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள் என்று சொல்லவில்லை. ஓட்டுங்கள். டயர், செயின், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் தேய்கிற சாமான்கள், மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ரிட்சியின் முக்கோண ஹேண்டில்பாரைக் கழற்றித் தனியே விற்காதீர்கள். அதுவும் அவர் பத்தவைத்ததுதான், ஃபிரேமோடு சேர்ந்ததுதான். கழற்றும் எதையும் ஒரு பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுங்கள். துரு பரவினால் எண்ணெயும் மெழுகும் போட்டு நிறுத்திவையுங்கள். மூட்டில் விரிசல் கண்டால் பழுது பார்க்கத்தான் வேண்டும். தொடுவதற்கு முன் எல்லா மூட்டுகளையும், அடியில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் போய்ப் படம் எடுங்கள். கட்டியவரைத் தெரிந்தால் அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

ஏற்கெனவே பெயின்ட் அடித்து முடித்தவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். முன்பு என்ன நிறம், எதை அராவினீர்கள், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, சீட் குழாய்க்குள் போட்டுவையுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
பழைய ஃபிரேம்களைப் பழுது பார்க்கும் ஒருவன்