எதிரி சொன்ன சாட்சி

சிங்கப்பூர், ஹவ்காங்

அன்புள்ள ராமநாதனுக்கு,

நலம். கண்புரை நீக்கிய பிறகு உன் கையெழுத்தை உருப்பெருக்கியின் துணையில்லாமல் படிக்க முடிகிறது என்பதுதான் இங்குள்ள பெரிய செய்தி. தேசிய தின ஒத்திகை தொடங்கிவிட்டதால் சனிக்கிழமை மாலைகளில் போர் விமானங்கள் எங்கள் புளோக்கின் தலைக்கு மேலே பறக்கின்றன. அலமாரியில் இருக்கும் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்க, மருமகள் சன்னலைச் சாத்துகிறாள். நானோ தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்க்கிறேன்.

"பார்த்தவன் வந்து சொன்னால்தான் பதக்கம்" என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தாய். படித்தவுடன் எனக்கு ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யாவின் நினைவு வந்தது. குடகு மண்ணில் பிறந்த அவர், 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது பஞ்சாபின் ஆதம்பூரில் இருந்த இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரனில் (விமான அணியில்) மிஸ்டேர் என்ற பிரெஞ்சுப் போர் விமானம் ஓட்டினார். செப்டம்பர் 7 விடியற்காலையில் பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்க 12 விமானங்கள் புறப்பட்டன. போகும் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர்க்கோட்டில் போவதுபோல. தேவய்யாவின் பெயர் அந்தப் பன்னிரண்டில் இல்லை. யாராவது விலகினால் மட்டுமே அவர் சேர வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருந்த மாற்று விமானி அவர். ஒருவர் விலக நேர்ந்தது, இவர் சேர்ந்துகொண்டார். பந்தியில் காலியான இலையில் உட்கார்ந்ததுபோல அத்தனை தற்செயல்!

தாக்குதல் முடிந்து திரும்பும் வழியில், ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்கவல்ல பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று அவரைத் துரத்திப் பிடித்தது. அதை ஓட்டியவர் ஃபிளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசேன். அவர் சுட்டதில் மிஸ்டேர் அடிபட்டது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடிபட்ட விமானத்தோடு தேவய்யா திரும்பி நின்று சண்டையிட்டு, தன் 30 மில்லிமீட்டர் பீரங்கிகளால் அந்த ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தினார். அம்ஜத் பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார், தேவய்யா திரும்பவில்லை.

இந்திய விமானிகளில் ஒருவரும் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. ஆதம்பூரின் கணக்கில் அவர் காணாமல் போனவர், அவ்வளவுதான். பாகிஸ்தான் தரப்புத் தகவல்களைக் கொண்டு ஆங்கிலேயர் ஒருவர் எழுதி 1979-இல் வெளிவந்த நூலின் வழியாகத்தான், அந்த ஸ்டார்ஃபைட்டர் ஒரு மிஸ்டேரால் வீழ்ந்தது என்பது வெளியே தெரிந்தது. அன்று அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய தனேஜா அதன்பின் வாளாவிருக்காமல், தேவய்யாவுக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று மேலிடத்தில் வலியுறுத்தினார். போர்க்கள வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ஆண்டு 1988. (அப்போது குடியரசுத் தலைவர் நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர். வெங்கட்ராமன்.)

அந்த விருதைவிட என்னைத் தூங்கவிடாதது அவருடைய மனைவி சுந்தரி காத்திருந்த 23 ஆண்டுகள். காணாமல் போனவர் என்ற சொல்லில் ஒரு பொல்லாத நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறதே! ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போனவர்களுக்காகக் காத்துக்கொண்டு வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்த கிழவிகளை என் சிறுவயதில் செம்பவாங்கில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த நூலும் வந்து விடை சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். அத்தனை தூரம் தாழப் பறந்து தாக்கிவிட்டுத் திரும்பும் விமானத்தில் எரிபொருள் அளவோடுதான் இருந்திருக்கும். சண்டைக்குத் திரும்பிய அந்தக் கணத்திலேயே, வென்றாலும் ஆதம்பூர் போய்ச் சேர முடியாது என்பது எரிபொருள் முள்ளைப் பார்த்த அவருக்குத் தெரிந்திருக்குமா? அத்தனை ஆண்டுகள் சூலூர் விமானப்படைத் தளத்தில் ஜெட் எஞ்சின்களோடு உழன்றவன் நீ. கணக்குப் போட்டு எழுது. சுமாரான கணக்காக இருந்தாலும் போதும்.

அன்புடன்,
சுப்பையா