இளையோர் தொழில்நுட்பப் பட்டறை: 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று தொழிலுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பட்டறைப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூலகம் வழக்கம்போல் நடக்கிறது. கைப்பந்துப் போட்டி நடந்தது, கோப்பை இந்த முறையும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. இரத்ததான முகாம் மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நல்லபடியாக முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரத்தைப் பட்டறைக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது. அதைப் பற்றிப் பொதுக்குழு முடிவெடுக்க வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன.

"பள்ளிக்கூடத்திலேயே லேப் இருக்கும்போது சங்கத்துக்கு எதற்கு இன்னொன்று?" என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பழகுவதற்கான மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை நிதி உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்கானது அது. ஆனால் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு படகு ஏறுகிற பையன் எங்கே போவான்? பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் எங்கே போவாள்? நம் பட்டறை முதலில் அவர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகளும் வரலாம், வருகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பட்டறை நிரம்பி வழிவது இந்த இரண்டு மாதமும்தான். ஆரம்பத்தில் அப்பாமார்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளே வந்தார்கள். அதற்கும் அப்புறம், பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை என்று நானே சிலரை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

அவர்களை உள்ளே இழுத்தது பாலம்தான். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்தது, அதை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே கிடையாக 17 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மரச்சட்டத்தில் ஒரு மாதிரி செய்தார்கள். இரண்டு பக்கமும் கோபுரம், கப்பி, நைலான் கயிறு, பொம்மைக் காரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன மோட்டார். மோட்டாரை ஓட்டினால் முனகியது, சூடானது, துண்டு அசையவில்லை. பெரிய மோட்டார் வாங்கித் தாருங்கள் என்று என்னிடம் வந்தார்கள்.

வாசலில் நின்றிருந்த ஒரு விசைப்படகு டிரைவர் உள்ளே வந்து கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, அந்தப் பக்கம் கனமே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், வலையில் கோக்கிற ஈயக்குண்டுகளை ஒரு கை நிறையக் கொண்டு வந்தார். கயிற்றின் மறுமுனையில் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். குறைவாகக் கட்டினால் மோட்டார் திணறியது. அதிகமானால் பாலம் தானாகவே ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. துண்டின் எடையைவிடக் கொஞ்சமே குறைவாக வந்த இடத்தில், அதே சின்ன மோட்டார் சத்தமில்லாமல் தூக்கியது. நிஜப் பாலத்திலும் இதுதான் நடக்கிறது. இரண்டு கோபுரங்களிலும் எதிர் எடை தொங்குவதால் மோட்டாருக்கு மிச்சமிருக்கும் வேலை சொற்பம். இதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

அடுத்து, பழுது பார்க்கும் மேசை. இந்த ஆண்டின் உண்மையான வளர்ச்சி இதில்தான். நெற்றி லைட், டார்ச், எமர்ஜென்சி லைட், ரேடியோ என்று ஊரில் இருந்து வருகிறவை எல்லாவற்றுக்கும் அநேகமாக ஒரே நோய், உப்பு. திறந்து பார்த்தால் உள்ளே சர்க்யூட் போர்டில் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதன் வழியாகக் கரண்ட் கசியும், போர்டில் கரண்ட் ஓடுகிற செம்புப் பாதை அரித்துக்கொண்டே போகும். ஆகவே கடல்தண்ணீர் பட்ட போர்டை வெயிலில் காய வைப்பதால் மட்டும் பயனில்லை. தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் போர்டைக் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு ஈரத்தை வெளியேற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். அதன் பிறகே மல்டிமீட்டரை, இணைப்பு அறுந்திருக்கிறதா என்று காட்டும் கன்டினியூட்டியில் வைத்துப் பாதை பாதையாகச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது. "கரண்டு சாமானத் தண்ணியில கழுவுறீங்களே, கிறுக்கா?" என்று ஒரு பாட்டி திட்டிவிட்டுப் போனார். மறுவாரம் தன் வீட்டு ரேடியோவோடு வந்தார்.

சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது பற்றி ஒரு வார்த்தை. வெள்ளீயமும் ஈயமும் கலந்த 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். பையன்கள் அவசரத்தில் சால்டரிங் அயர்னின் சூட்டைக் கடைசி வரை திருகி வைத்தார்கள். போர்டிலிருந்து செம்புப் பாதையே உரிந்து வந்தது. இப்போது வெப்பத்தைக் குறித்த அளவுக்கு மேல் திருப்பக் கூடாது என்று அட்டை எழுதி ஒட்டியிருக்கிறோம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் யாரும் பஜ்ஜி எடுக்கக் கூடாது. ஈயக்குண்டைத் தொட்டவர்களுக்கும் இதே விதிதான்.

செயற்குழு எடுத்த ஒரு முடிவைப் பதிவு செய்கிறேன். கடலில் உயிர் காக்கிற எதையும், அதாவது வயர்லெஸ், படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்கிற டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ் போன்றவற்றைப் பட்டறையில் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆசை இருக்கிறது, சிலருக்குத் திறமையும் இருக்கிறது. இருந்தாலும் நடுக்கடலில் அது வேலை செய்யாமல் போனால் யார் பதில் சொல்வது? உப்பிப்போன லித்தியம் பேட்டரியையும் வாங்குவதில்லை.

சரி, சரியாக வராதவற்றையும் சொல்ல வேண்டும். கடல்பாசி உலர்த்தும் தாய்மார்களுக்காக, மழைத்துளி பட்டால் பஸ்ஸர் அடிக்கிற கருவி ஒன்றைப் பிள்ளைகள் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டில் செய்தார்கள். கடற்கரையில் வைத்ததும் விடிய விடிய அலறியது. சென்சார் தகட்டில் உப்புப் படிந்து, பனி ஈரத்துக்கே மழை என்று நினைத்துக்கொள்கிறது. சாய்த்து வைத்தும், தினமும் துடைத்தும் பார்த்தார்கள், முழுமையாகத் தீரவில்லை. அதைவிடப் பெரிய குறையை ஓர் அம்மா சொன்னார்: "மழை வர்றத நான் காத்த வச்சே முன்னாடி சொல்லிருவேன். இது நனைஞ்ச பெறகுல்ல கத்துது." யாருக்கும் பதில் இல்லை. காற்றழுத்தம் அளக்கிற சென்சாரை வைத்து அடுத்த முயற்சி நடக்கிறது. அந்த அம்மாவையும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி அளவுக்கருவி வேறு கதை. முதலில் வைத்த, ஒலி அலையால் தூரம் அளக்கிற, திறந்த கண் உள்ள அல்ட்ராசோனிக் சென்சார் நம் காற்றுக்குத் தாங்கவில்லை, துருப்பிடித்தது. கார் பின்பக்கம் பொருத்துகிற மாதிரி மூடிய சென்சாருக்கு மாறினார்கள். அது மிகக் கிட்டத்தில் இருப்பதை அளக்காது என்பதால் தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு தாங்கி செய்து உயர்த்தி வைத்தார்கள். இப்போது ஓடுகிறது. சமூகக்கூடத்துத் தொட்டி வழிந்து ரோட்டில் ஓடுவது நின்றிருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அக்டோபர் 15, கலாம் அவர்கள் பிறந்தநாள், தமிழக அரசு இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்த நாள். அவர் பிறந்த தீவு என்பதால் இங்கே அன்றைக்கு மேடைப்பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. இந்த முறை பேச்சாளர்களைக் குறைத்து மேசைகளைக் கூட்டினோம். வந்தவர்கள் கெட்டுப்போன டார்ச்சைக் கொண்டு வந்து, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தாங்களே சரிசெய்துகொண்டு போனார்கள். அழைத்த பேச்சாளர்களில் ஒருவருக்கு வருத்தம் என்று கேள்வி.

ரெடிமேட் கிட் விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகவே வைக்கிறேன். இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய ரோபோ கிட்டுகளில் பாதிக்கு மேல் உதிரி குறைந்து வந்தது. பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருந்தது. முழுதாக வந்தவற்றையும் பிள்ளைகள் ஒரே நாளில் பூட்டி, ஓடவிட்டு, அலமாரியில் வைத்துவிட்டார்கள். மறுபடி யாரும் தொடவில்லை. பாட்டியின் ரேடியோவுக்கோ இரண்டு வாரம் சண்டை. நன்கொடை தர விரும்புகிறவர்கள் கிட் வாங்கித் தருவதாகத்தான் சொல்கிறார்கள், போட்டோவுக்கு அது எடுப்பாக இருக்கும். நமக்குத் தேவை ஈயம், ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவுகிற ஃபிளக்ஸ், ரெசிஸ்டர், நல்ல மல்டிமீட்டர், புகையை இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

மாலை நேரத்தில் மட்டும் திறந்தபோது பெண் பிள்ளைகள் இருட்டுமுன் கிளம்பிவிடுவார்கள். சனி, ஞாயிறு காலையும் திறந்த பிறகு வருகை கூடியது. இதற்குச் சாவி வைத்திருந்து ஒத்துழைத்த இரண்டு ஆசிரியைகளுக்கு நன்றி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள்: வரும் ஆண்டில் கிட் வாங்குவதை நிறுத்தி, அந்தத் தொகையைக் கருவிகளுக்கும் தினச்செலவுப் பொருள்களுக்கும் மாற்றுவது, படகு எஞ்சின், வயரிங் தெரிந்த பெரியவர்களைத் தடைக்காலத்தில் பயிற்றுநர்களாக அழைத்து ஒரு சிறு தொகை கொடுப்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்த மேற்குச் சுவரில் துளையிட அனுமதிப்பது. கடைசித் தீர்மானத்துக்குக் கட்டட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். அவர் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்