தாத்தா ரைபிள் பிறந்த ஊர்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள குமரா,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வந்தவன் சொல்லாமல் கிளம்பிவிட்டாய் என்று அம்மா இன்னும் உன்னைத் திட்டுகிறாள். அதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

விஷயம் தாத்தாவின் இரட்டைக்குழல் ரைபிள். அப்பா போனபின், லைசென்ஸ் அண்ணன் பெயருக்கு மாறும்வரை துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருக்கிறோம். கடைப் பெரியவர் போன வாரம் அதைக் கழற்றிக் காட்டினார். குழல் மேல் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று இருக்கிறதே, அது விற்றவர் பெயர்தானாம். மவுண்ட் ரோடு கடிகாரக் கடைக்காரர்கள் அப்போது துப்பாக்கியும் விற்றார்கள்.

முன்கட்டையை எடுத்துக் குழலைத் திருப்பினார். அடியில் தட்டையான இடத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்குள், அரிசியளவு கிரீடங்கள் மூன்று. அவற்றின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சுட்டுப் பார்க்கும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைடா! 1904-ல் வந்து 1954 வரை இருந்தது. லண்டன் என்றால் பின்னிப்பிணைந்த ஜி.பி. இருந்திருக்கும், வாள் பிடித்த கை இருந்திருக்கும். நம் தெருவே அதை லண்டன் துப்பாக்கி என்றுதானே சொல்லும்?

அப்புறம் பக்கத்திலேயே ‘கார்டைட் 75, 500 மேக்ஸ்’. எடைக்கணக்கில் அதிகபட்சம் 75 கிரெயின் கார்டைட் வெடிமருந்து, 500 கிரெயின் குண்டு. அதாவது .470 என்ற குண்டளவு. .450 அளவுக் குண்டுகள் கலகக்காரர்கள் கையில் ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்கு உதவிவிடும் என்ற பயத்தில் 1907-ல் இங்கே அந்த அளவை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. அதற்குப் பதிலாக வந்த அளவுகளில் ஒன்றுதான் .470. அப்படியானால் 1890-களில் கலெக்டர் துரை ஜவ்வாது மலையில் வைத்துப் பரிசாகக் கொடுத்தார் என்று நம் பெரியப்பா சொல்லும் கதை? அது நடக்கவே வழியில்லை. எனக்கென்னவோ இப்போதுதான் அந்த ரைபிள்மேல் ஆசையே வந்திருக்கிறது. யாரோ ஒரு பர்மிங்காம் தொழிலாளி செய்தது என்பது துரை கதையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

பயம் ஒன்றுதான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கப் போவதாக அண்ணன் சொல்கிறான். தேய்த்தால் அந்த முத்திரைகள் போய்விடும், செய்த பட்டறையைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்காது. பெரியவர் சொன்னார், அவன் கேட்கவில்லை. என் பேச்சையும் கேட்க மாட்டான். நீ சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அதனால் இந்த மாதத்துக்குள் ஒரு ஞாயிறு வா, உன் கேமராவோடு, அந்த நெருங்கி எடுக்கும் லென்ஸையும் மறக்காமல். குழல் அடியில் ஒரு தொடர் எண் பாதி அழிந்து கிடக்கிறது, அதை முதலில் எடுத்துவிட வேண்டும். வருவதற்கு முன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுவிடு.

உன்,
செல்வம்