ஜூலையில் பார்த்த ஆற்றை நம்பி ஒக்டோபரில் போகவேண்டாம்

சங்கத்தின் சுற்றுலாக் குழுவில் இருக்கும் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமாருக்கு வணக்கம்.

ஒக்டோபர் பள்ளி விடுமுறைக்குத் தெற்குப் பிரான்ஸில் சொமியேர் என்ற ஊரில் ஆற்றங்கரையோடு ஒரு வீடு பார்த்திருப்பதாக அறிவித்திருந்தீர்கள். இரண்டு மினிபஸ், ஆற்றோரத்திலேயே வாகனத் தரிப்பிடம், கால் இயலாத பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறைகள். எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறீர்கள். படங்களும் வடிவு. ஆனால் அவை முழுக்க ஜூலையில் எடுத்தவை. என் பயம் அதில்தான். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்; காசு கட்டப்போகிற எல்லோருக்கும் தெரியவேண்டிய விடயம் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

அந்த ஆற்றின் பெயர் விதூர்ல். செவென் மலையடிவாரத்தில் சென் ரோமான் து கொதியேர் என்ற ஊர்ப்பக்கம் பிறந்து, நூறு கிலோமீட்டர்கூட ஓடாமல் மத்தியதரைக் கடலோரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நீளத்தைப் பார்த்தால் ஆறு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். கோடையில் சென் இப்போலித் து ஃபோர் தாண்டிப் போய்ப் பாருங்கள், வெறும் உருளைக்கல்தான் கிடக்கும். தண்ணீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியால் போய், சோவ் என்ற ஊரில் பாறைக்குக் கீழிருந்து திரும்ப வெளியே வருகிறது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய அதிசயமில்லை. அங்கேயும் அதே சுண்ணாம்புக்கல்தான்.

அப்படியென்றால் சொமியேரில் ஜூலையிலும் கரை தொட்டுத் தண்ணீர் நின்றதே என்று கேட்பீர்கள். நின்றதுதான், ஓடவில்லை. பழைய ஆலைகளுக்காகக் குறுக்கே கட்டிய சிறு தடுப்பணைகள் மறித்து வைத்திருக்கும் தண்ணீர் அது. வாத்து நீந்தும், பிள்ளைகள் கல் எறிவார்கள், நாங்கள் அதை ஆற்றின் குணம் என்று எடுத்துக்கொள்வோம்.

அதன் குணம் தெரியவேண்டுமானால் மாரியில் பார்க்கவேண்டும். ஊரில் மாரி தொடங்கும் காலந்தான் அதற்கும் கெட்ட காலம். கோடை முழுக்கச் சூடேறிய கடலிலிருந்து ஈரக்காற்று தெற்கால் வந்து செவென் மலையில் முட்டி மேலே ஏறும். மேலே குளிர்காற்றும் சேர்ந்தால் இடிமழை பிடித்துக்கொள்ளும். சாதாரண மழை நகர்ந்து போய்விடும். இது அதே இடத்தில் மணிக்கணக்காக நின்று ஊற்றும். 2002 செப்டெம்பர் 8, 9ஆம் திகதிகளில் பக்கத்து ஆற்றுக் கரையிலுள்ள அந்தூஸில் 24 மணித்தியாலத்தில் 680 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பாரிஸில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அன்றைக்கு சொமியேரில் விதூர்ல் விநாடிக்கு ஏறத்தாழ 2500 கன மீட்டர் ஓடியதாகக் கணக்கிட்டார்கள். அந்த மழை வெள்ளத்தில் அந்தப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்த வெள்ளத்துக்கு அந்த ஊர்ச் சனம் தனிப் பெயரே வைத்திருக்கிறது: விதூர்லாத். பெயர் வைக்கும் அளவுக்குப் பழக்கம். 1933 செப்டெம்பர், 1958 செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் தொடக்கமும், பிறகு 2002 செப்டெம்பர். மாதங்களைக் கவனியுங்கள்.

நீங்கள் குழுப்படம் எடுத்த ரோமர் பாலமும் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. திபேரியுஸ் பேரரசன் காலத்தில் கட்டியது, 17 வளைவுகள். இப்போது ஆற்றுக்கு மேல் தெரிவது 7. மிச்சத்தை ஆறு கொண்டுபோகவில்லை, ஊர்தான் விழுங்கியது. வளைவுகளுக்கு மேலேயும் இடையிலேயும் வீடும் கடையும் கட்டிவிட்டார்கள். ரோமர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த ஆற்றுக்கு 17 வளைவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீடு எந்த வளைவுக்கு நேரே வருகிறது என்று பாருங்கள்.

கீழே அம்புருசும் என்ற இடத்தில் இன்னொரு ரோமர் பாலம். ஓவியர் கூர்பே 1857இல் அதை வரைந்தபோது இரண்டு வளைவுகள் நின்றன. படம் மொன்பெலியே ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1933 வெள்ளம் ஒன்றைக் கொண்டுபோனது. இன்றைக்கு ஆற்றுநடுவில் ஒற்றை வளைவு மட்டும்.

மேலே அணை இருக்கிறதே என்று தம்பி ஒருவர் சொன்னாராம். உண்மை. செராக், லா ரூவியேர், கொங்கேராக் என்று மூன்று இருக்கின்றன. வெள்ளத்தின் உச்சியைக் குறைக்கத்தான் அவை. சாதாரண நாளில் தண்ணீர் அடியால் போய்க்கொண்டே இருக்கும். 2002இலும் அந்த மூன்றும் இருந்தன.

நான் ஒரு நவம்பரில் போயிருந்தேன். வெள்ளம் வடிந்து சில நாள். கரையோர மரங்களில் என் தலைக்கு மேலே கிளைகளில் நாணலும் பிளாஸ்டிக் பையும் ஒரு பிள்ளையின் செருப்பும் சிக்கி, காய்ந்து தொங்கின. தரிப்பிடத்தில் கணுக்கால் அளவு சேறு. ஒரு அம்மா கடை வாசலைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டே, "இது சின்னது" என்றார். வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வந்த உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அடுத்தமுறை அதையும் படம் எடுத்துவாருங்கள்.

ஊரைக் குறை சொல்லவில்லை. சனிக்கிழமைச் சந்தைக்காகவே போகலாம். சேலையில் எண்ணெய்க் கறை பட்டால் தூவுகிறோமே, அந்த சொமியேர் மண், அதுவும் இந்த ஊர்ப் பெயரில்தான் வருகிறது. என் மனைவி இரண்டு டப்பா வாங்கிவரச் சொல்லியிருக்கிறா.

ஆகவே கேட்பது இதுதான். முடிந்தால் பயணத்தை மே மாத நீண்ட வார இறுதிக்கு மாற்றுங்கள். ஒக்டோபர்தான் வசதி என்றால் வீட்டை மாற்றுங்கள். பக்கத்துக் குன்றில் வில்வியேய் இருக்கிறது, சொமியேருக்கு நடந்தே இறங்கலாம். பெரியவர்களை மட்டும் ஆற்றோரக் கீழ்த்தளத்தில் படுக்க வைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு எழுப்பி மாடிப்படி ஏற்றக்கூடியவர்களா அவர்கள்? மினிபஸ்ஸை ஆற்றோரத்தில் விடவும் வேண்டாம். ஓட்டுநர் இருவரும் விஜிகுரு (Vigicrues) என்ற பிரெஞ்சு அரசின் வெள்ள எச்சரிக்கை இணையத்தளத்தைக் காலையும் மாலையும் பார்க்கட்டும். விதூர்லுக்கு மஞ்சள் நிறம் போட்டாலே வாகனத்தை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். சொமியேரில் வெயில் அடிக்கிறதே என்று இருக்கவேண்டாம், மழை மலையில் பெய்திருக்கும்.

திங்கட்கிழமை முற்பணம் கட்டுவதாக அறிந்தேன். ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில்தான் நிற்பேன். அதற்கு முன் ஒருக்கால் வந்து கதையுங்கள், வரைபடம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்