அது சிறகு இல்லை ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய கார் கண்காட்சிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் படத்துக்குக் கீழே 'முகப்பில் சிறகு விரித்த அலங்காரப் பொம்மை' என்று ஒரு வரி. படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காபி கசந்துவிட்டது. அது சிறகு இல்லை ஐயா, அந்தப் பெண் சிலையின் காற்றில் பின்னால் பறக்கும் அங்கி. சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி வடித்தது, 1911-இல் காரில் ஏறியது. எலினார் தோர்ன்டன் என்ற பெண்ணைப் பார்த்துத்தான் வடித்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பெர்ஷியா கப்பலை 1915 கடைசியில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதில் அவரும் போய்விட்டார். நீங்கள் பொம்மை என்கிறீர்கள்.

சரி, படமாவது நன்றாக இருக்கிறதா? ரேடியேட்டர் முகப்பில் உங்கள் புகைப்படக்காரரின் மஞ்சள் சட்டை, தூக்கிப் பிடித்த செல்போன், பின்னால் நிற்கும் ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அம்மணியின் முகம்தான் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் நிக்கல், குரோம் பூச்சுப் பட்டறை நடத்தியவன் நான். குரோம் எதிரே நிற்பவனைக் காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் பிரதிபலிப்பு போய்விடும் என்பார்கள், கார் கண்ணாடிக்குச் சரி, உலோகத்துக்கு அது உதவாது. எட்டி நின்று, நீள லென்ஸ் போட்டு, சிலையின் உயரத்துக்கு முழங்கால் போட்டு, வெயில் ஏறும் முன் எடுக்க வேண்டும். மூட்டு வலியோடு நானே அப்படித்தான் எடுக்கிறேன். கிட்டே போய் செல்போனை நீட்டினால் ஜாகுவார் கார் முகப்பில் பாயும் ஜாகுவாருக்கும் மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரிதான் வரும்.

ஜாகுவார் என்றதும் ஞாபகம் வருகிறது, மூன்று வருடம் முன்பு அதைச் 'சிறுத்தை' என்று போட்டீர்கள், அது வேறு விலங்கு. எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் பான்டியாக் காரின் பானட்டில் இருக்கும் தலையை 'இந்திய ராஜா' ஆக்கினீர்கள். 1763-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பான்டியாக் என்ற அமெரிக்கப் பழங்குடித் தலைவர் அவர், நம்மூர் ஜமீன்தார் இல்லை. அதற்கும் எழுதினேன். வாசகர் படங்களை அனுப்பலாம் என்று நீங்களே கேட்டதால், நான் எடுத்த ஆறு படங்களையும் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதக்கூட ஆள் இல்லை போலிருக்கிறது. சமையல் குறிப்பில் உப்பு அளவு தவறினால் மட்டும் அடுத்த வாரமே திருத்தம் வருகிறது!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த 'சிறகு' என்பதற்கு ஓர் ஓரத்தில் திருத்தம் போடுங்கள். அடுத்த கண்காட்சிக்குப் போகும் தம்பியைக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட சந்தாதாரர்,
கோவை