வெடிப்பை மறைக்காத மச்சான்

மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் கேட்டன். மகள் கம்பஸ் போகத் தொடங்கீட்டாள் எண்டதும் அம்மாவுக்கு நம்பவே ஏலாமல் கிடக்கு, "அந்தச் சின்னப் பெட்டையோ" எண்டு நாலுதரம் கேட்டுட்டா. இஞ்ச புதுசா ஒண்டும் இல்லை, மாரி நல்லாப் பெய்ஞ்சு கிணறு முட்டிக் கிடக்கு, என்ர முழங்கால் நோ மட்டும் விட்ட பாடில்லை.

சரி, நிலம் வெடிச்சுக் கிடக்கு, என்ன செய்யலாம் எண்டு கேட்டாயெல்லே, உங்கட கொக்குவில் வீட்டை போய்ப் பாத்தன். விறாந்தைச் சிவப்புச் சீமெந்து இன்னும் மினுங்குதடா, கொப்பர் காங்கேசன்துறைச் சீமெந்தில போட்ட நிலமெல்லே, 1990 இல ஆலை நிண்டதோட அந்தச் சீமெந்தும் போச்சு. வாசல்படியில இருந்து தூண் வரைக்கும் ஒரு வெடிப்பு கோணல்மாணலா ஓடுது. செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளங்காலால தடவிப் பாத்தன், ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்தான், ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா கீழ மண் இறங்குது எண்டு அர்த்தம், பிறகு அலங்காரம் பற்றிக் கதைக்கிறதிலயே வேலையில்லை. ஹோலுக்குள்ள இருக்கிற மயிர் வெடிப்புகள் சீமெந்து காயேக்க சுருங்கினது, அதை விடு.

நீ மேல ரைல்ஸ் ஒட்டச் சொல்லுறாய். எனக்கு மனமில்லை. கீழ வெடிப்பு அசைஞ்சுகொண்டிருந்தா ரைல்ஸும் அதே கோட்டிலதான் வெடிக்கும், அதோட நிலம் உயர்ந்து கதவெல்லாம் அடியில சீவவேணும். அதால வெடிப்புக்குக் குறுக்க ஒரு மெல்லிசுக் கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் எப்பொக்சி (ரெண்டைக் கலந்தாக் கல்லா இறுகிற பசை) வைச்சு ஒட்டி விட்டிருக்கிறன், சித்திரை வெயில் முடியும்வரை அது உடையாமல் நிண்டா வெடிப்பு அசையேல்லை எண்டு நம்பலாம்.

அசையாட்டி என்ர யோசினை இதுதான். ஜப்பானில உடைஞ்ச கோப்பையை அரக்கும் தங்கத்தூளும் வைச்சு ஒட்டி, ஒட்டின கோடு தெரியவே விடுவினமாம், கின்சுகி எண்டு சொல்லுவினம். அதையே நிலத்துக்குச் செய்யிறது. முதல் உங்கட அம்மா இத்தனை வரியமாத் தேய்ச்ச பொலிஷை எடுக்கவேணும், மெழுகில எப்பொக்சி பிடிக்காது. பிறகு கிரைண்டரால வெடிப்பை இங்கிலிஸ் V எழுத்து மாதிரி வெட்டி, தூசியை வக்கியூமால உறிஞ்சி (தும்புத்தடி காணாது), பித்தளைத்தூள் கலந்த எப்பொக்சியைக் கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி விட்டு, இறுகினாப்பிறகு மட்டமாத் தேய்க்கிறது. சிவப்பில அந்தக் கோடு கூறைச் சேலைச் சரிகை போல நிக்கும். தாழ்வாரப் பக்கம் மட்டும் யோசிக்கவேணும், வெயில் பட்டா எப்பொக்சி மஞ்சளாகும். கண்ணாடி உடைஞ்சுதெண்டா எப்பொக்சி சரிவராது, அது விறைப்பு, பக்கத்தில புதுசா வெடிக்கும், றப்பர் மாதிரி இழுபடுற பொலியூரித்தேன் பசைதான் விடவேணும், மினுக்கம் குறையும்.

குசினிப் பின்பக்கம் வெறும் சாம்பல் கொங்கிறீற்தானே, அங்க அசிட் ஸ்டெயின் எண்ட அமிலச் சாயம் அடிச்சுப் பாக்கலாம். அது சீமெந்தில இருக்கிற சுண்ணாம்போட சேர்ந்துதான் நிறம் பிடிக்கும், வெடிப்பை மறைக்காது, இன்னும் எடுப்பாக் காட்டும், மாபிள் ரேகை போல வந்தா வடிவு, வராட்டி கறை பிடிச்ச நிலம், அதால முதல் ஒரு மூலையில அடிச்சுப் பாப்பம். வெடிப்பில கொடியும் இலையும் கீறுறது எண்டு நீ அனுப்பின போட்டோ எனக்குப் பிடிக்கேல்லை, கால்படுற இடத்தில பெயின்ற் நிக்காது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறதெண்டா இப்பவே சொல்லு, மேசன்மாரை அந்த நேரம் பிடிக்கேலாது. நல்ல பித்தளைத்தூள் அங்க கண்டா ஒரு டப்பா வாங்கிப்போட்டு வா.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குக்காரன்